மண் லாரி வராத நாற்பது நாள்

முப்பத்தொன்பது கிலோ அறுநூறு கிராம்.

எடை மெஷினில் அந்த எண்ணைப் பார்த்ததும் எனக்கு உச்சந்தலை வரைக்கும் சுர்ரென்று ஏறியது. பதினெட்டு நாளைக்கு முன்னால் இதே மெஷினில் நாற்பத்து நான்கு காட்டியவள் என் அக்கா ஆராயி. அந்தப் பதினெட்டு நாளும் இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை எதையாவது கரைத்து, வடிகட்டி, ஆற்றி, டம்ளரில் ஊற்றி அவள் கையில் கொடுத்திருக்கிறேன். முட்டை அடித்த பால், சத்துமாவுக் கஞ்சி, பருப்புத் தண்ணீர், ஆஸ்பத்திரியில் எழுதிக் கொடுத்த சத்துப் பவுடர். அவ்வளவும் எங்கே போய்த் தொலைந்தது?

டாக்டர் தென்றல் மெஷினைப் பார்த்தார். அக்காவைப் பார்த்தார். அப்புறம் என்னைப் பார்த்தார். நான் எண்பத்திரண்டு கிலோ. அந்தப் பார்வைக்கு என்ன அர்த்தம் என்று எனக்குத் தெரியாதா? நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது.

"வூட்ல சரியா குடிக்கிறாங்களாம்மா?"

"ரெண்டு மணிக்கொரு தடவை குடுக்கறேங்க டாக்டர். டம்ளரு காலியாத்தாங்க திரும்பி வருது."

"குடிக்கிறேங்க" என்றாள் அக்கா, பச்சைப் பிள்ளை மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு.

அவளுக்கு உணவுக்குழாயில் புற்றுநோய். முதலில் சோறு இறங்கவில்லை, அப்புறம் இட்லி இறங்கவில்லை, இப்போது தண்ணீராக இருப்பது மட்டும்தான் இறங்குகிறது. கதிர் சிகிச்சையும் ஊசி மருந்தும் சேர்த்து ஐந்து வாரம், அப்புறம் ஆபரேஷன் பற்றி யோசிக்கலாம், நோய் இன்னும் பரவவில்லை, நல்ல வாய்ப்பு இருக்கிறது என்று முதல் நாளே டாக்டர் சொல்லியிருந்தார். ஒரே நிபந்தனை, உடம்பு தாங்க வேண்டும்.

"இந்த உடம்புல ஆரம்பிச்சா பாதியில நிறுத்த வேண்டியதாயிடும்" என்றார் டாக்டர். "உங்களுக்கு நாப்பத்திரண்டு கிலோவாவது வரணும்மா. மூக்கு வழியா சின்னதா ஒரு ட்யூப் வெச்சிடலாம். கஞ்சி நேரா வயித்துக்குப் போயிடும்."

"மூக்கணாங்கயிறு போட்ட மாடாட்டம் தெருவுல நடக்கச் சொல்றீங்களா? வேணாங்க. நான் குடிச்சே ஏத்திக்கிறேன்."

பத்து நாள் தவணை கொடுத்து அனுப்பினார். புதுச்சேரி ஆஸ்பத்திரியிலிருந்து எங்கள் ஊர் விருத்தாசலம் வரும் வரைக்கும் நான் அவளிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. அவளும் பேசவில்லை. வடலூரில் ஒரு கட்டு கீரை வாங்கினாள், எனக்காம்.

என் அக்காவைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். அப்போதுதான் என் வயிற்றெரிச்சல் உங்களுக்குப் புரியும்.

எங்கள் அம்மா செத்தபோது எனக்கு ஏழு வயது, அவளுக்குப் பதினேழு. அந்த வருஷமே செராமிக் எஸ்டேட்டில் பொம்மை செய்யும் யூனிட்டில் சேர்ந்தாள். முப்பத்து நான்கு வருஷம் ஆயிற்று, இன்றைக்கு வரைக்கும் அதே யூனிட்தான். சுப்புராயன் என்பவர் முதலாளி. வெள்ளைக் களிமண்ணைக் கூழாகக் கரைத்து, அச்சுக்குள் ஊற்றி, கொஞ்ச நேரம் விட்டு, மிச்சக் கூழை வடித்துவிட்டு, இறுகினதும் அச்சைப் பிரித்துப் பொம்மையை எடுக்க வேண்டும். குத்துவிளக்கு ஏந்திய பெண், தூங்கும் நாய்க்குட்டி, மயில் என்று எல்லாம் அவள் கையில் ஊற்றி எடுத்தவைதான். அந்தச் சம்பளத்தில்தான் என்னைப் பத்தாவது வரைக்கும் படிக்க வைத்தாள், கம்ப்யூட்டர் கிளாசுக்கு அனுப்பினாள், கல்யாணம் செய்துவைத்தாள். அவளுக்கும் கல்யாணம் ஆயிற்று, லாரி டிரைவர் நடராசன், நல்ல மனுஷன், குழந்தை இல்லை, ஒன்பது வருஷத்துக்கு முன்னால் நெஞ்சுவலியில் போய்விட்டார். அதற்கப்புறம் என் வீட்டுப் பின்பக்க ரூமில்தான் இருக்கிறாள்.

அவள் ஒரு பொருளையும் வீணாக்க மாட்டாள். யூனிட்டில் பொம்மையை அச்சிலிருந்து எடுக்கும்போது கை உடையும், மூக்கு சிதையும். அதைப் பச்சை உடைசல் என்பார்கள், சூளையில் வேகாதது. அதைத் திரும்பத் தண்ணீரில் போட்டால் கரைந்து கூழாகிவிடும், மறுபடி ஊற்றலாம். எல்லா யூனிட்டிலும் செய்வதுதான். ஆனால் ஆராயி செய்வது மாதிரி யாரும் செய்ய மாட்டார்கள். எல்லோரும் கை கழுவிக் கிளம்பின பிறகும் குனிந்து குனிந்து தரையில் கிடக்கும் துணுக்கைப் பொறுக்கிக்கொண்டிருப்பாள். பஸ்ஸை விட்டுவிட்டு நடந்து வருவாள். திட்டினால், "மண்ணும்மா, அது திரும்ப வரும்" என்பாள். சூளையில் வெந்த பிறகு உடைந்ததுதான் அவளுக்குப் பெரிய துக்கம். வெந்தது கரையாது. குப்பையில்தான் போட வேண்டும்.

கொரோனா அடங்கி யூனிட்டைத் திறந்த நேரம் மண் லாரி வரவில்லை. இன்றைக்கு வரும், நாளைக்கு வரும் என்று பார்த்து, சுப்புராயன் கையைப் பிசைந்துகொண்டு யூனிட்டை மூடிவிடலாம் என்று எல்லோரையும் வீட்டுக்குப் போகச் சொன்னார். அக்கா மட்டும் போகவில்லை. ஷெட்டுக்குப் பின்னால் வருஷக்கணக்காகக் காய்ந்து கிடந்த உடைசலைத் தோண்டி எடுத்தாள். தொட்டியின் அடியில் இருந்த வண்டலைச் சுரண்டினாள். அலமாரி இடுக்கைக்கூட விடவில்லை. எல்லாவற்றையும் ஊறப்போட்டு, துணியில் சலித்து, கூழாக்கினாள். பெரிய பொம்மை வேண்டாம், மண் கொள்ளாது என்று உள்ளங்கை அளவுப் பொம்மையாக ஊற்றினாள். ஒரு கைப்பிடி புது மண் வராமல் நாற்பது நாள் அந்த யூனிட் ஓடியது. அந்த வருஷம் ஆயுத பூஜை அன்று சுப்புராயன் எல்லோர் எதிரிலும் அவளை எழுப்பி நிற்கவைத்து, "யூனிட்டு மூடாம இருந்ததுக்கு இவுங்கதான் காரணம்" என்று சொல்லிப் பட்டுப்புடவை கொடுத்தார். அந்த போட்டோ அவள் ரூமில் மாட்டியிருக்கிறது. வருகிறவர்கள் எல்லோரும் அதைப் பார்த்துத்தான் ஆக வேண்டும். பார்க்காவிட்டால் அவளே காட்டுவாள்.

இப்படிப்பட்டவள் சாப்பாட்டைக் கீழே கொட்டுவாளா? மாட்டாள். எனக்குச் சத்தியமாகத் தெரியும். அதனால்தான் எனக்கு அந்தச் சந்தேகமே வரவில்லை.

எனக்குக் கண்ணைத் திறந்துவிட்டவர் என் வீட்டுக்காரர் பாண்டியன். அவராகத் திறக்கவில்லை, பேச்சுவாக்கில் நடந்தது. ஆஸ்பத்திரிக்குப் போய்வந்த மூன்றாம் நாள் காலை பல் விளக்கிக்கொண்டே சொன்னார்: "நம்ம கருப்பன் எவ்ளோ தேறிட்டான் பாத்தியா துர்கா? முடியெல்லாம் பளபளன்னு இருக்குது."

கருப்பன் எங்கள் தெரு நாய். போன மாதம் வரைக்கும் அதன் விலா எலும்பை எண்ணலாம்.

அன்றைக்குத் தாலுகா ஆபீஸ் பக்கத்தில் இருக்கும் என் ஜெராக்ஸ் கடையைப் பதினொரு மணிக்கே பூட்டிவிட்டு வீட்டுக்கு வந்தேன். பின்பக்கம் போய்ப் பார்த்தால், அக்கா படியில் உட்கார்ந்திருக்கிறாள். சூளையில் கோணிப்போன ஒரு பீங்கான் கிண்ணத்தில் வாயை விட்டுக் கருப்பன் லபக் லபக்கென்று குடித்துக்கொண்டிருக்கிறது. காலையில் நான் மூன்று தடவை வடிகட்டிய முட்டைப்பால். பாதாம் வேறு அரைத்துப் போட்டிருந்தேன்.

"அடிப்பாவி!"

கருப்பன் ஓடிவிட்டது. அக்கா ஓடவில்லை. முந்தானையால் வாயைத் துடைத்துக்கொண்டாள், அவள்தான் குடித்தது போல.

"என்னாக்கா பண்ற நீ? சாவறதுன்னே முடிவு பண்ணிட்டியா? நான் அடுப்புல கெடந்து வேகறேன், நீ நாய்க்கு ஊத்தற! எத்தினி நாளா நடக்குது இது?"

"கத்தாதடி. தெருவுல கேக்கும்."

"கேக்கட்டும்! ஊரே கேக்கட்டும்!"

"சாவறதுக்கு இல்ல. பொழைக்கறதுக்குத்தான் பட்டினி கெடக்கறேன்" என்றாள். "நீதானே சொன்ன?"

எனக்கு ஒன்றும் புரியவில்லை. அவள் நிதானமாகச் சொன்னாள்.

மூன்று வருஷத்துக்கு முன்னால் எடையைக் குறைக்கிறேன் பேர்வழி என்று நான் பதினாறு மணி நேரம் சாப்பிடாமல் இருக்கும் விரதம் ஒன்றைப் பிடித்தேன். ஒரு மாதம்கூடத் தாங்கவில்லை. ஆனால் அந்த ஒரு மாதமும் நான் அடித்த அலட்டல் இருக்கிறதே! போனில் வீடியோ பார்த்துவிட்டு எதிரில் வந்தவர்களுக்கெல்லாம் பாடம் எடுத்தேன். பட்டினி கிடந்தால் உடம்பில் இருக்கிற செல் தன் பழைய பாகங்களைத் தானே தின்றுவிடும், அதற்கு ஆட்டோபேஜி என்று பேர், அதைக் கண்டுபிடித்ததற்காக ஜப்பான்காரர் ஒருவருக்கு நோபல் பரிசே கொடுத்திருக்கிறார்கள் என்று சொன்னேன். அக்காவுக்கு விளங்கவில்லை. விளங்கவைத்தே தீர வேண்டும் என்று எனக்கு ஒரு வேகம். "ஒங்க யூனிட்டுல பச்சை உடைசலைத் தொட்டியில போட்டுக் கரைக்கறீங்க இல்ல? அதேதான்கா. ஒடம்பும் அதைத்தான் பண்ணுது" என்றேன்.

நான் மறந்துவிட்டேன். அவள் மறக்கவில்லை. என் போனிலும் கம்ப்யூட்டரிலும் வருவதெல்லாம் அவளுக்கு வேதவாக்கு.

"இந்தக் கட்டியும் ஒடம்பு பண்ணதுதானே?" என்றாள். "இன்னும் வேகலை. பச்சையாத்தான் இருக்குது. மண்ணு உள்ள போறதை நிறுத்தினா, ஒடம்பு இதை எடுத்துக் கரைச்சிக்கும். கரண்டு வைக்கிறது, கத்தி வைக்கிறது ஒண்ணும் வேணாம். காலையில ஒரு டம்ளரு கஞ்சி, சாயந்திரம் ஒரு டம்ளரு, மத்தபடி வெறும் தண்ணி. இருவத்தியோரு நாளு ஆவுது. முந்தாநேத்து எச்சி நல்லா எறங்குச்சி தெரியுமா?"

நான் அந்தப் படியிலேயே உட்கார்ந்துவிட்டேன். அவளைத் திட்ட வாயெடுத்தால் எல்லாத் திட்டும் என் மேலேயே வந்து விழுகிறது. யாரோ முன்பின் தெரியாதவன் வீடியோவில் சொல்லியிருந்தால் அவனைச் சபித்துவிட்டுப் போகலாம். நானல்லவா சொன்னேன்? வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்தேனா?

மறுநாள் காலை அவளை இழுத்துக்கொண்டு திரும்பப் புதுச்சேரிக்குப் போனேன். டாக்டர் தென்றலிடம் ஒன்றுவிடாமல் சொன்னேன், என் அலட்டல் உட்பட. அந்தப் பெண் கோபித்துக்கொள்ளவில்லை. நாற்காலியை அக்கா பக்கத்தில் இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"ஒங்க தங்கச்சி சொன்னதுல பாதி உண்மைதாம்மா. நல்ல செல்லு தன்னோட பழுதான பாகத்தை ஒடச்சிப் புதுசு பண்ணிக்கும். அது துப்புரவு வேலை. புத்துநோய் வராம இருக்கக்கூட அது கொஞ்சம் உதவலாம். ஆனா புத்துநோய் ஒரு தடவை வந்து உக்காந்துடுச்சின்னா கதையே வேற. அந்தக் கெட்ட செல்லுக்கும் இதே வேலை தெரியும். சாப்பாடு கொறைஞ்சாலும் சரி, நாங்க மருந்து குடுத்து அடிச்சாலும் சரி, தன்னையே கொஞ்சம் தின்னு உயிரைப் புடிச்சிக்கும். உணவுக்குழாய் புத்துநோயிலயும் அப்படி நடக்கறதைப் பாத்திருக்காங்க. அதைத் தடுக்க மருந்து உண்டான்னு ஆராய்ச்சி பண்றாங்க. சில நேரம் அதே வேலை கெட்ட செல்லையே சாகடிக்குதுன்னும் சொல்றாங்க, இன்னும் முடிவாத் தெரியலை. ஆனா ஒண்ணு சொல்றேன். நீங்க வூட்ல பட்டினி கெடந்தா கட்டி கரையாது. ஒங்க சதைதான் கரையும். கரைஞ்சிருக்கு, மெஷின்ல பாத்தோமே."

அக்கா எல்லாவற்றுக்கும் "சரிங்க, சரிங்க" என்று தலையாட்டினாள். எனக்கு உயிர் வந்தது. பஸ் ஏறி உட்கார்ந்ததும் கேட்டாள்:

"அந்தப் பொண்ணுக்குக் கல்யாணம் ஆயிடிச்சாடி?"

"அவுங்க சொன்னது புரிஞ்சிதா இல்லியாக்கா?"

"சின்னப் பொண்ணு. புஸ்தகத்துல இருக்கறதைச் சொல்லுது."

எனக்கு வந்த ஆத்திரத்தில் பஸ் கம்பியில் முட்டிக்கொள்ளலாம் போல இருந்தது. இவ்வளவு படித்த டாக்டர் பொறுமையாக உட்கார்ந்து சொன்னால் ஏறவில்லை. ஒரு மாதம்கூட விரதம் இருக்கத் துப்பில்லாத நான் மூன்று வருஷத்துக்கு முன்னால் உளறியது மட்டும் கல்வெட்டு மாதிரி நிற்கிறது.

அடுத்த நாளிலிருந்து நான் கடைக்குப் போகவில்லை. எதிரில் உட்கார்ந்து குடிக்கவைத்தேன். ஒரு வாய் குடிப்பாள், தொண்டையைப் பிடித்துக்கொள்வாள், இறங்கவில்லை என்பாள். நிஜமாகவே இறங்கவில்லையா நடிக்கிறாளா என்று எனக்குத் தெரியவில்லை. நான் பாத்ரூமுக்குப் போய்வருவதற்குள் டம்ளர் காலியாக இருக்கும், கருப்பன் நாக்கால் மூக்கை நக்கிக்கொண்டு நிற்கும். இரண்டு நாள் இப்படி. மூன்றாம் நாள் எனக்குப் பொறுமை போய்விட்டது. டம்ளரைத் தூக்கிச் சுவரில் அடித்தேன். கஞ்சி அவள் போட்டோவில் எல்லாம் தெறித்தது.

"ஒன்னைத் திருத்தவே முடியாது! பொறந்ததுலேர்ந்து இதே பிடிவாதம்! எது எப்படிப் போனாலும் நீ நெனச்சதை வுட மாட்ட! மண்ணே வராத நேரத்துல, மொதலாளியே மூடிட்டுப் போங்கன்னு சொன்ன நேரத்துலகூட, உடைசலைப் பொறுக்கிப் பொறுக்கி நாப்பது நாளு யூனிட்டை ஓட்டினவதானே நீ! ஒன்னை யாரால நிறுத்த முடியும்?"

சொல்லிவிட்டு ஓவென்று அழுதுவிட்டேன். அவள் என்னைச் சமாதானப்படுத்தவில்லை. எழுந்து போய் முந்தானையால் போட்டோவைத் துடைத்தாள். துடைத்துக்கொண்டே இருந்தாள். முகத்தைத் திருப்பாமலே கேட்டாள்:

"அந்த டாக்டரு பொண்ணு என்னா சொல்லிச்சு? திருப்பிச் சொல்லு."

"எதை?"

"அந்தக் கெட்ட செல்லைப் பத்தி."

மூக்கைச் சிந்திவிட்டுச் சொன்னேன். சாப்பாட்டை நிறுத்தினாலும் அது சாகாது, தன்னையே கொஞ்சம் கொஞ்சமாகத் தின்று தாக்குப் பிடிக்கும் என்றேன்.

அவள் கட்டிலில் உட்கார்ந்தாள். கையைத் தொண்டைக்குக் கீழே, நெஞ்சின் நடுவில் வைத்துக்கொண்டாள்.

"மண்ணை நிறுத்தினா யூனிட்டு மூடிக்கும்னுதான் சுப்புராயன் நெனச்சாரு" என்றாள். "மூடலையே. சின்னச் சின்னப் பொம்மையா ஊத்தி ஓட்டிக்கிட்டே இருந்தேன். லாரி வந்ததும் பழையபடி பெருசா ஊத்தினேன்."

நான் கீழே கிடந்த டம்ளரை எடுத்தேன்.

"அப்போ இதுக்குள்ளயும் ஒரு ஆராயி உக்காந்து பொறுக்கிக்கிட்டு இருக்காளாடி?"

எனக்கு அந்த நேரத்தில் அவளைக் கட்டிக்கொள்ளவும் தோன்றியது, கன்னத்தில் ஒன்று வைக்கவும் தோன்றியது. இதைப் புரிந்துகொள்ள இருபத்தைந்து நாளா?

"அவ வுட மாட்டா" என்றாள் அக்கா. "எனக்குத் தெரியும். பட்டினிக்கெல்லாம் அவ அசைய மாட்டா. கரண்டு வெச்சிச் சூளையை ஏத்தித்தான் ஆவணும், வெந்துட்டா அவளால கரைச்சிக்க முடியாது. கெளம்பு, அந்த மூக்கணாங்கயித்தைப் போட்டுக்கலாம்."

குழாய் வைத்த அன்று அவள் எடை முப்பத்தெட்டு கிலோ எழுநூறு. மூக்கில் பிளாஸ்திரி ஒட்டி, கன்னத்தோரமாகக் குழாயைக் காதுக்குப் பின்னால் செருகிவிட்டார்கள். பெரிய சிரிஞ்சைக் குழாயில் பொருத்தி, உயரத் தூக்கிப் பிடித்து, கஞ்சியை மெதுவாக ஊற்ற வேண்டும், அது தானாக இறங்கும். எனக்குக் காட்டிக்கொடுத்தார்கள். ஆனால் அக்கா வீட்டை விட்டு வெளியே வரவில்லை. யாராவது பார்க்க வந்தால் போர்வையை இழுத்து மூடிக்கொள்வாள். சுப்புராயன் வந்தபோது தூங்குகிற மாதிரி கிடந்தாள். கருப்பன் நாலு நாள் வாசலில் காத்திருந்து பார்த்தது, அப்புறம் வேறு வீடு தேடிக்கொண்டது.

இந்த முறை அவளே நேரம் பார்த்து என்னை எழுப்பினாள். தெருமுனைப் பழைய பேப்பர் கடைத் தராசில், யாரும் இல்லாத நேரமாகப் பார்த்து, போர்வையோடு கூட்டிப்போய் நிறுத்துவேன். முப்பத்தொன்பது தாண்டியது. நாற்பது தாண்டியது. இரண்டரை வாரம் கழித்து ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டிய நாளுக்கு முந்தின நாள், நாற்பது கிலோ அறுநூறு.

"பத்தாதே" என்றாள்.

"ஏறிக்கிட்டுதானே இருக்குது. சொல்லிப் பாப்போம்."

"சொன்னா இன்னும் கொஞ்ச நாளு கழிச்சி வான்னு சொல்லும் அந்தப் பொண்ணு. அதுக்குள்ள எனக்குள்ள இருக்கற அந்த ஆராயி ஊத்திக்கிட்டே இருப்பா."

மறுநாள் டாக்டர் தென்றலின் அறையில் அக்கா மெஷினில் ஏறினாள். எண் ஓடி ஓடி நின்றது. நாற்பத்திரண்டு கிலோ இருநூறு.

டாக்டர் முகமெல்லாம் சிரிப்பாகிவிட்டது. "பரவாயில்லையே! இன்னிக்கே எல்லாத்தையும் ஆரம்பிச்சிடலாம்மா" என்று பேனாவை எடுத்து எழுதத் தொடங்கினார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அக்கா மெஷினிலிருந்து காலை எடுத்துக் கீழே வைத்தபோது ஒரு சத்தம் கேட்டிருந்தது. டிங் என்று, ரொம்ப மெல்லிசாக. செராமிக் ஊரில் பிறந்தவளுக்கு வெந்த பீங்கான் ஒன்றோடொன்று இடிக்கிற சத்தம் தெரியாதா?

அக்கா என்னைப் பார்த்தாள். கண்ணால் கெஞ்சினாள். என் வாழ்க்கையில் அவள் என்னிடம் கெஞ்சிப் பார்த்ததில்லை.

எனக்கு ஆசைதான். கடவுளே, வாயை மூடிக்கொண்டு சும்மா இரு என்று எனக்குள்ளே ஒருத்தி கத்தினாள். இருபத்தைந்து நாளை என்னால் இழந்தவள். இன்றைக்கே ஆரம்பித்துவிட்டால் அந்தப் பாவத்தில் கொஞ்சமாவது கழியாதா?

"மருந்தோட அளவை இதை வெச்சித்தான் போடப்போறோம்" என்று டாக்டர் நர்சிடம் சொல்லிக்கொண்டிருந்தார்.

"டாக்டர்" என்றேன். "எழுதாதீங்க."

அக்காவின் இடுப்பில் கை வைத்து, புடவை மடிப்புக்குள்ளிருந்து துணி முடிச்சை இழுத்து எடுத்து மேஜை மேல் அவிழ்த்தேன். நான்கு மயில். சூளையில் வெந்து கொண்டை உடைந்தவை. யூனிட்டில் யாரிடம் சொல்லி, எப்போது வரவழைத்தாள் என்று எனக்கு இன்றைக்கு வரைக்கும் தெரியாது.

"பாவி" என்றாள் அக்கா. சத்தமே வரவில்லை, உதடுதான் அசைந்தது.

டாக்டர் ஒரு மயிலைக் கையில் எடுத்துக் கனம் பார்த்தார். திட்டவில்லை. "இந்த எடைக்கு மருந்து போட்டிருந்தா ஒங்களுக்கு அது அதிகமாயிருக்கும்மா" என்று மட்டும் சொன்னார். மறுபடி ஏறச் சொன்னார். நாற்பது கிலோ ஐந்நூறு.

"அடுத்த திங்கக்கெழமை வாங்க. இதே மாதிரி ஏறிச்சின்னா ஆரம்பிச்சிடறேன். நிச்சயமா."

"அந்த இருவத்தஞ்சு நாளுல எவ்வளவு கெட்டுப்போச்சுங்க டாக்டர்?" என்று கதவருகில் நின்று கேட்டேன். அக்கா வெளியே போயிருந்தாள்.

"ஸ்கேன் எடுத்தாத்தான் தெரியும்" என்றார்.

பஸ்ஸில் நல்ல கூட்டம். அக்கா ஜன்னலோரம் உட்கார்ந்து, முந்தானையைத் தலை வழியாக இழுத்து முகத்தை மூடிக்கொண்டாள். கடலூர் வந்தது, பேசவில்லை. குறிஞ்சிப்பாடி வந்தது, பேசவில்லை. கஞ்சி ஊற்ற வேண்டிய நேரம் தாண்டி அரைமணி ஆகிவிட்டது. பிளாஸ்க் என் மடியில்தான் இருந்தது. இத்தனை பேர் நடுவில் கேட்டால் குதறிவிடுவாள் என்று வாயை மூடிக்கொண்டிருந்தேன். இன்னும் ஒரு வாரம், இன்னும் ஒரு வாரம் என்று அதுவே தலைக்குள் சுற்றிக்கொண்டிருந்தது. நல்லது செய்தேனா, கெட்டது செய்தேனா என்றுகூட எனக்குத் தெரியவில்லை.

வடலூரில் பஸ் நின்றபோது அக்கா முந்தானையை இறக்கினாள். காதுக்குப் பின்னால் செருகியிருந்த குழாயை எடுத்து மூடியைத் திறந்தாள். என் பையில் கையை விட்டுச் சிரிஞ்சை எடுத்துத் தானே பொருத்தினாள். எதிர் சீட்டுக்காரர்கள் எல்லோரும் திரும்பினார்கள். கையில் குழந்தையோடு நின்றிருந்த ஒரு பெண், "ஐயோ, என்னாம்மா அது மூக்குல?" என்றாள்.

"கஞ்சிம்மா" என்றாள் அக்கா. "திங்கக்கெழமைக்குள்ள ஒண்ணரை கிலோ ஏறணும்."

சிரிஞ்சை என் கையில் திணித்தாள். நான் எழுந்து நின்று அதை உயரத் தூக்கிப் பிடித்தேன். அவளே பிளாஸ்கைத் திறந்து ஊற்றினாள். பஸ் கிளம்பியது. கஞ்சி குழாய் வழியாக இறங்குவதை அவள் கண் எடுக்காமல் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நேராப் புடிடி" என்றாள். "ஒரு சொட்டு கீழ சிந்தக் கூடாது."